பைக்கற் கலையாத தங்கம்

கனடாவில் மார்க்கம் நகரில் இருக்கும் நவரட்ணம், பத்து நிமிடக் கார் ஓட்டத்தில் ஸ்ரௌவ்வில் என்ற பக்கத்து ஊரில் இருக்கும் தன் அக்கா ஜெயமலரோடு முகங்கொடுத்துப் பேசி ஆறு வருடமாகிறது. எல்லாம் ஒரு தங்கக்கட்டியால் வந்தது. அவர் மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டுக்கு அக்கா கொடுத்தது. பத்துக் கிராம், பிளாஸ்ரிக் பைக்கற்றில் அடைத்து ஒட்டியது. சில வாரம் கழித்து அதை வங்கிப் பெட்டகத்தில் வைக்கப் போனபோதுதான் கவனித்தார். பைக்கற்றில் இருந்த எழுத்துகள் கோணல். கூடப் பிறந்தவரே பித்தளையைத் தந்துவிட்டாரே என்று மனிதர் உள்ளுக்குள் வெந்துபோனார். அக்காவிடம் கேட்காமலே போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார்.

இப்போது அக்கா மகள் நிலாணிக்கு வருகிற சனிக்கிழமை கலியாணம். கட்டி தங்கமென்றால் கோபத்தை விட்டுவிட்டு முன்வரிசையில் போய் இருப்பது. பித்தளையென்றால் அதே பைக்கற்றைச் சபை நடுவே அக்காவிடம் திருப்பிக் கொடுப்பது. ஆகவே எப்படிச் சோதித்தாலும் பைக்கற்றில் ஒரு கீறல் விழக்கூடாது. பழிவாங்குவதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டாமா?

பிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்துத் தேய்த்தார். ஒட்டவில்லை. பித்தளையும் ஒட்டாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. சமையல் தராசில் வைத்தால் பைக்கற்றின் நிறையும் சேர்ந்துகொண்டது. காதருகே பிடித்துக் குலுக்கினார். தங்கம் என்ன சத்தம் போடும் என்று அவருக்கே தெரியாது. கலியாண வீட்டுக்கு வேறு ஏதாவது கொண்டுபோகலாம், இதை விடுங்கோ என்று மனைவி பிரதீபா மூன்று தரம் சொன்னாள். அவர் கேட்டால்தானே.

கடைசியில் ஸ்காபரோவில் நகைக்கடை வைத்திருக்கும் ஜூலியஸிடம் போனார். பிளாஸ்ரிக்கைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் உலோகத்தைச் சோதிக்கும் கருவி அவரிடம் இருந்தது. ஜூலியஸ் வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார், பூதக்கண்ணாடியையும் எடுத்தார்.

“அண்ணை, கட்டி சுத்தத் தங்கம். பைக்கற்தான் கள்ளப் பைக்கற்.”

இத்தனை வருடத்தில் இப்படியொன்றைக் கண்டதில்லை என்று சொல்லி, கட்டியில் பொறித்திருந்த இலக்கம் தெரிய அதைப் படமும் எடுத்துக்கொண்டார்.

நவரட்ணம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பிரதீபா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“உங்கட அக்காவில எனக்கு நம்பிக்கை இருக்கேல்லை. நான்தான் அண்டைக்கே பைக்கற்றை வெட்டி, கடையில குடுத்துப் பாத்தனான். பிறகு ஒன்லைனில வேற பைக்கற் எடுத்து ஒட்டினனான்.”

“தங்கம் எண்டு தெரிஞ்சும் ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா வெட்டினது தெரிஞ்சிடுமெல்லோ.”

நவரட்ணத்துக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. கத்தரிக்கோலை எடுத்து, ஆறு வருடம் பொத்திப் பொத்திக் காத்த பைக்கற்றை நறுக்கிக் குப்பையில் போட்டார்.

சனிக்கிழமை மண்டபத்தில், நிலாணிக்கு என்று சொல்லி வெறும் கட்டியை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். தான் கொடுத்த கட்டிதான் என்று தெரியாமல் ஜெயமலர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“பைக்கற் இல்லாமல் எப்பிடித் தம்பி நம்புறது?”

தங்கந்தான் அக்கா என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை ஜூலியஸ் கடையிலிருந்து நவரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்தார். போன கிழமை பார்த்த அதே இலக்கக் கட்டியோடு ஒரு அம்மா வந்து நிற்கிறாவாம், என்ன சொல்லட்டும் என்று இரகசியமாகக் கேட்டார்.

“தங்கம் எண்டு சொல்லுங்கோ,” என்றபடி நவரட்ணம் கார்த் திறப்பைத் தேடினார். “அவவைப் போக விடாதேங்கோ. நான் வாறன்.”