தம்பி எழுதிய அக்கா

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவளை எல்லோரும் பிரேக் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்தைந்து வருடமாக அவள் கால் அதன்மேல்தான் இருக்கிறது. வாயும் சும்மா இருக்காது. அவளிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியவர்கள் யாரும் இல்லை என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

ஒருநாள் வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி ரிவர்ஸ் எடுக்கையில் சுவரில் மோதப் பார்த்தாள். பிரேக் மேடம் காரை நிறுத்திவிட்டு வழக்கம்போல் ஒரு பிடி பிடித்தாள். அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஈரக் கண்ணோடு அவளையே பார்த்தாள்.

"எவ்வளவு கஷ்டத்தை உள்ள வச்சிருக்கீங்கன்னு தெரியும் மேடம். புத்தகம் படிச்சேன்" என்றாள்.

புத்தகம் என்றால் பிரேக் மேடத்தின் தம்பி எழுதிய நாவல். தம்பி கல்லூரி விரிவுரையாளன். ஆறு மாதத்துக்கு முன் வந்த நாவலுக்குப் பரிசு கிடைத்தது. அதில் வரும் அக்கா என் சொந்த அக்காதான் என்று பேட்டியில் சொல்லியிருந்தான். அவளுக்கும் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி கொடுத்தான். பிறகு படிக்கலாம் என்று அலமாரியில் வைத்தவள், அப்படியே மறந்துபோனாள்.

அந்த வாரம் இன்னும் இரண்டு மாணவிகள் அவள் திட்டைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்கள். எதற்கெடுத்தாலும் அவளோடு மல்லுக்கு நிற்கும் ஆபீஸ் கிளார்க் எழுந்து நாற்காலி கொடுத்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, மைதானத்து மரநிழலில் காரை நிறுத்தி, நான்கு நாளில் அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தாள். நாவலில் வரும் அக்கா மெல்லிய குரலில் பேசுகிறாள். கல்யாணம் நிச்சயமாகும் நேரத்தில் அப்பா நோயில் படுத்துவிடுகிறார். தம்பியின் படிப்பு நின்றுவிடக் கூடாதென்று அவள் கல்யாணத்தை வேண்டாம் என்கிறாள். அதன்பின் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் கடிதங்களுக்காகக் காத்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில், அவன் பட்டம் வாங்கிய படத்தை நெஞ்சில் அணைத்தபடி செத்துப்போகிறாள். அந்த இடத்தில் பிரேக் மேடத்துக்கும் அழுகை வந்துவிட்டது. தன் சாவுக்குத் தானே அழுததை நினைத்து அப்புறம் ஆத்திரம் பொங்கியது.

நடந்தது வேறு. அப்போது அவளுக்கு இருபத்தாறு. பெண் பார்க்க வந்தவன் நல்லவன்தான். முன்னறையில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு அப்புறம் இந்த டிரைவிங் வேலை வேண்டாமே, முன்பின் தெரியாத ஆண்களோடு காரில் சுற்றுவது நன்றாகவா இருக்கும் என்று பதமாகத்தான் கேட்டான். மறுநாள் காலை அவள் அப்பாவிடம் முடியாது என்று சொன்னாள். அப்பா அன்றைக்கு நோய்நொடி இல்லாமல் கல்லுமாதிரி இருந்தார். தம்பியின் படிப்புக்கு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. அவளிடம் யாரும் எந்தத் தியாகமும் கேட்கவில்லை. மாறாக வீட்டில் இரண்டு மாதம் ஒரே ரகளை. அவள் அசையவில்லை.

அதற்குப் பிறகு உதிரிபாகக் கடைக்காரர் ஒருவரை ஆறு வருடம் விரும்பினாள். அவர் வேறு ஊருக்குப் போனார், கூப்பிட்டார், அவள் போகவில்லை. கொஞ்ச நாள் அழுதாள். பிறகு சரியாகிவிட்டாள். இது எதுவும் நாவலில் இல்லை. ஜன்னலோரமாக அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நடந்தது ஒன்று, நீ எழுதியது ஒன்றா என்று கூடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே கேட்டாள். அவன் முதலில் சிரித்தான். அது நாவல், நடந்ததை அப்படியே எழுதுவதற்கு அது என்ன போலீஸ் ரிப்போர்ட்டா என்றான்.

"உன்னை உயர்த்தித்தானே அக்கா எழுதியிருக்கேன்? படிச்சவங்க எல்லாம் உன்னைக் கும்பிடுறாங்க."

"கும்பிடத்தான்டா செய்வாங்க. சாகடிச்சுட்டியே. என் வாழ்க்கையில எனக்காக நானே சொன்ன பெரிய வார்த்தை அந்த முடியாதுங்கிறதுதான். அதைக்கூட உனக்காகச் சொன்னதா மாத்திட்டியே."

அவன் முகம் சுருங்கியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினாள் என்று எழுதினால் யார் படிப்பார்கள் என்று முணுமுணுத்தான். டீயோடு வந்த அவன் மனைவி தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நாவலின் கையெழுத்துப் பிரதி முழுவதையும் டைப் அடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

"நான் படிச்சிருப்பேன்" என்றாள். "டைப் அடிக்கும்போதே இவர்கிட்ட கேட்டேன் அண்ணி, நீங்க இப்படி இல்லையேன்னு. கதைக்கு இதுதான் சரின்னுட்டார்."

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். டீ ஆறிப்போனது.

அடுத்த மாதம் நூலகத்தில் பெண்கள் வாசகர் வட்டம் அந்த நாவலைப் பேச எடுத்தது. நிஜமான அக்காவும் வர வேண்டும் என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். தம்பி தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டான். அவள் போனாள். இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எப்படி அவ்வளவு பெரிய மனது வந்தது என்று ஒருத்தி கேட்டதும், நடந்ததை நடந்தபடி சொன்னாள். சிலர் முகத்தில் ஏமாந்துபோன களை. கண்ணாடி போட்ட ஒரு தையல்காரம்மா மட்டும் எழுந்தாள்.

"உங்களுக்கு அது பொய்யா இருக்கலாம். எனக்கு நிஜம். தம்பிங்க மூணு பேருக்காக நான் கல்யாணமே பண்ணிக்கல. இதுவரைக்கும் ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. அந்தப் புத்தகம்தான் கேட்டுச்சு. அதையும் இப்படிப் பிடுங்கிட்டீங்களே."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

நியாயம் தன் பக்கம் என்று நம்பித்தான் பிரேக் மேடம் வந்திருந்தாள். இந்த அம்மாளிடம் அதை எங்கே வைப்பது? கூட்டம் முடிவதற்குள் எழுந்து வெளியே ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் நின்ற தையல்காரம்மாவைக் கெஞ்சாத குறையாகக் காரில் ஏற்றிக்கொண்டாள்.

சிக்னலில் நிற்கும்போது தையல்காரம்மா கேட்டாள். "பிடிக்கலன்னுதான் வேண்டாம்னீங்களா? வேற காரணமே இல்லையா?"

"வேற இல்ல."

"வீட்டுல அடிக்கலையா?"

"கத்தினாங்க. அப்புறம் ஓய்ஞ்சுட்டாங்க."

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

"அப்படிச் சொல்லலாம்னே எனக்குத் தெரியாதும்மா" என்றாள் தையல்காரம்மா. "எந்தக் கதையிலயும் யாரும் அப்படிச் சொல்லிப் படிச்சதில்ல."

அவளை வாசலில் இறக்கிவிட்டு வந்தபின் பிரேக் மேடத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமைக்கப் போய்ப் பாதியில் அடுப்பை அணைத்தாள். வருகைப் பதிவுக்கு வைத்திருந்த புது நோட்டை எடுத்து நான்கு வரி எழுதினாள், கிழித்தாள். வாயால் அடுக்கடுக்காக வருவது கையில் வரவே மாட்டேன் என்றது. தம்பி எவ்வளவு கெட்டிக்காரன் என்பது அப்போதுதான் புரிந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. இரண்டு மாதம், வகுப்புகளுக்கு நடுவே மரநிழலில், ஸ்டீயரிங்கின்மேல் நோட்டை வைத்து எழுதினாள். பதினொரு பக்கம் தேறியது. தம்பி மனைவி கேட்டு வாங்கிப்போய் டைப் அடித்தாள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை, எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினேன் என்று சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு சிறுபத்திரிகை அதை வெளியிட்டது. ஐந்து கடிதங்கள் வந்தன. குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள், கடைக்காரர் விஷயத்தையெல்லாம் வெளியே சொல்ல வெட்கமில்லையா என்று ஒன்று. ஒரு கடிதத்தில் பெயரில்லை. "நானும் நேற்று முடியாது என்று சொன்னேன். வீட்டில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதியதுபோல் ஓய்வார்களா?" என்றிருந்தது. முகவரியும் இல்லாததால் பதில் எழுத முடியவில்லை. அந்தப் பெண் என்ன ஆனாளோ என்று பல நாள் நிலைகொள்ளாமல் அலைந்தாள்.

தம்பி மூன்று மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் பயிற்சி மைதானத்துக்கே வந்தான். பத்திரிகையில் வந்ததைப் பற்றி நன்றாக இருக்கிறது என்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. கடைக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்தான். புது நாவல், அச்சுக்குப் போகுமுன் அவள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றான்.

யாரைப் பற்றி என்று கேட்டாள்.

"கணவனோட கனவுக்காகத் தன் கனவை விட்டுக்கொடுக்கிற ஒரு பொண்ணு" என்றான்.

"இதை யாரு டைப் அடிச்சா?"

"இந்தத் தடவை வெளியில கொடுத்தேன்."

அவள் தாள்கட்டைப் பிரிக்கவில்லை. காரின் மேல் வைத்து ஓரங்களைத் தட்டி ஒழுங்காக்கி அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"முதல்ல உன் பெண்டாட்டிகிட்ட கொடு. அவ படிச்சு முடிக்கட்டும். அப்புறமா நான் பார்க்கிறேன்."

அவன் தாள்கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெயிலில், வந்த வழியே நடந்தான். வீட்டுக்கும் அச்சகத்துக்கும் வழி பிரியும் திருப்பத்தில் கொஞ்சநேரம் நின்று யோசித்ததை அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கமே திரும்பினான்.