நாற்காலிப் பக்கத்துப் பம்பர்

பம்பர் வெளுத்தது வெயிலில். அவள் வெளுத்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். இரண்டில் பெயின்ட் அடித்து மீட்கக்கூடியது பம்பர்தான் என்பதால், வியாழக்கிழமை பகல் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவள் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

கார் அவள் வீட்டுக்காரருடையது. வாடகைக் கார், இருபது வருஷமாக ஓட்டுகிறார். கூட ஓட்டுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பிரேக்'. காலி ரோட்டில் ஒரு காகிதம் பறந்து வந்தாலும் நிறுத்தி, அது போன பிறகுதான் கிளம்புவாராம். அப்பேர்ப்பட்ட மனுஷனின் கார் ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு மழையில் வழுக்கிக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தில் மோதியது. பின் சீட்டில் இருந்த பள்ளிக்கூட டீச்சருக்கு நெற்றியில் ஒரு கீறல். அவருக்குத் தொடையெலும்பு இரண்டு துண்டு. காரின் முன்பக்கத்தை மெக்கானிக் எப்படியோ நிமிர்த்திவிட்டார், பம்பர் மட்டும் பழைய சாமான் கடையிலிருந்து வந்தது. எத்தனை கோடை வெட்டவெளியில் கிடந்ததோ, கறுப்பாய் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் திட்டுத்திட்டாய்ச் சாம்பல் பூத்திருந்தது. அதற்குத் துணையாகக் கதவோரப் பட்டைகளும் வெளுத்திருந்தன.

போன வாரம் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு சேர்ந்துவிட்டது, கார் ஓட்டலாம் என்றார். குனிவதும் குந்துவதும் மட்டும் இன்னும் ஒரு மாதத்துக்குக் கூடாது. டாக்சி ஆபீஸில் சனிக்கிழமை நாலு மணிக்குள் காரைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். பார்க்கிற மாதிரி இருந்தால் திங்கட்கிழமையிலிருந்து சவாரி, இல்லாவிட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆள்.

இதில் அவளுக்கென்றும் ஒன்று இருந்தது. ஐந்து மாதமாக அவள் இரண்டு ஷிப்ட் பார்க்கிறாள். பகலில் துவைக்கும் இயந்திரங்களோடு நிற்க வேண்டும், மாலையில் மேசை முன்னால் உட்கார்ந்து படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் வீட்டுக்கு வந்து கட்டையைச் சாய்ப்பாள். டாக்டர் சொன்ன மறுநாளே சூப்பர்வைசரிடம் போய், திங்கட்கிழமையிலிருந்து பகல் ஷிப்ட் மட்டும்தான், மாலை ஷிப்டுக்கு ஒரு பெரிய கும்பிடு என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு வீட்டுக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு நுழைந்தாள். ஆக, பம்பர் கறுத்தால் அவள் தூங்கலாம். விஷயம் அவ்வளவுதான்.

பெயின்ட் கடைக்காரர் விவரமான ஆள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள், பிரைமர் அடித்துக் காயவிட்டு அப்புறம் கறுப்பை மெல்லிசாக மூன்று தடவை அடியுங்கள் என்றார். ஆசைப்பட்டு ஒரே தடவையில் அப்பினால் வழிந்து நாசமாகும் என்றார். எல்லாவற்றையும்விட முக்கியம், டாஷ்போர்டுக்குப் பூசுகிற பளபளப்பு எண்ணெய் இருக்கிறதே, அது ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பட்டால் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகி நிற்குமாம். அவள் இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஷெட்டில் காரின் இடது மூலையை ஒட்டி அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். அவர் கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு மேற்பார்வைக்கு உட்கார்ந்தார். மேற்பார்வை என்றால் சும்மா இல்லை. பெயின்ட் மற்ற இடத்தில் படாமலிருக்க ஒட்டிய டேப் கோணல், அந்த இடுக்கில் இன்னும் சாம்பல் தெரிகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொன்னார். அவர் சொன்னபடி அவள் தேய்த்தாள். சாம்பல் கரைசல் முழங்கை வரை வழிந்தது. தோள்பட்டை இற்றுப்போனது. தின்னர் போட்டுத் துடைத்து முடித்தபோது பசி காதை அடைக்க, உள்ளே போய் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து பிரைமர் அடித்தாள்.

வலது பக்கமெல்லாம் அழகாகப் படிந்தது. இடது மூலையில் மட்டும், ஒரு முழ நீளத்துக்கு, அம்மைத் தழும்பு போலக் குழிக் குழியாக விலகி நின்றது.

அவள் தன் கையைப் பார்த்தாள். சலவைக்கூடத்தில் விரிப்புகள் மெத்தென்று இருக்க ஒரு திரவம் ஊற்றுவார்கள். அது விரல் இடுக்கில் ஊறிக் கிடக்கும், எத்தனை கழுவினாலும் வழுவழுப்புப் போகாது. கடைக்காரரிடம் ஓடிப் போய்க் கேட்டபோது, எண்ணெய் எதுவும் படவில்லையென்றால் அதுவாகத்தான் இருக்கும் என்று அவரும் சொன்னார். அவ்வளவுதான், பழி தன் கைமேல் என்று முடிவு கட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை வேலையைத் தொடுவதற்கு முன் இரண்டு கையையும் தின்னரில் முக்கித் தேய்த்தாள். வெடிப்புகளில் எரிந்த எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்தது. நாற்காலியில் இருந்தவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். போதும் என்று மட்டும் ஒரு தரம் சொன்னார்.

மறுபடி தேய்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு அங்குலமாகத் துடைத்தாள். பிரைமர் டப்பா தீர்ந்துபோயிருந்ததால் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவந்து அடித்தாள். அதே மூலை, அதே ஒரு முழம், அதே குழி. மாலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அன்று மடித்த விரிப்புகளில் பாதி கோணல்.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையில் முதல் வேலையாக வீட்டுத் துணியை வாளியில் போட்டாள். ஆஸ்பத்திரி அழுக்கையெல்லாம் இயந்திரம் துவைக்க, வீட்டு அழுக்குக்கு மட்டும் அவள் கைதான் இயந்திரம். வீட்டுக்காரரின் நீலச் சட்டையை அமுக்கியபோது வலது கை மணிக்கட்டுப் பக்கம் நனையாமல் மேலே வந்தது. தண்ணீரை அள்ளி ஊற்றினாள். துளித் துளியாக உருண்டு ஓடியது.

பதினொரு வருஷமாக அந்தக் கூடத்தில் குப்பை கொட்டியவளுக்கு ரத்தமா, மருந்தா, மையா, எண்ணெயா என்று தொட்டாலே தெரியும். முகர்ந்து பார்த்தாள். தினமும் காலையில் டாஷ்போர்டைத் துடைத்துவிட்டுச் சவாரிக்குக் கிளம்பும் மனுஷனிடம் இருபது வருஷமாக வந்த அந்தத் தித்திப்பு வாசம்.

சட்டையோடு ஷெட்டுக்குப் போனாள். அவர் இன்னும் வரவில்லை. நாற்காலியில் அவளே உட்கார்ந்து, வலது கையைப் பம்பர் பக்கம் நீட்டினாள். குனிய வேண்டிய அவசியமே இல்லாமல் கை நேராகப் போய்க் குழிகளின் மேல் நின்றது. வியாழக்கிழமை அவள் சாப்பிடப் போனதும் வெள்ளிக்கிழமை கடைக்குப் போனதும் நினைவுக்கு வந்தன. கார் கதவைத் திறந்து பார்த்தாள். எண்ணெய்ப் புட்டி முன்சீட்டு ஓரத்தில்தான் இருந்தது, ஒளித்துவைக்கக்கூட இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கத்துவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தடியை ஊன்றிக்கொண்டு வந்தவர், தன் நாற்காலியில் அவளையும் அவள் மடியில் ஈரச் சட்டையையும் பார்த்ததும் நின்றுவிட்டார். பழைய கறை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"என் கைதான் காரணம்னு நினைச்சு தின்னர்ல கழுவினேன்" என்றாள். "பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் பம்பரைப் பார்த்தபடியே சொன்னார். டாக்டர் சரி என்று சொன்ன மறுநாள், அவள் வேலைக்குப் போன பிறகு, காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாராம். இன்ஜின் சத்தம் கேட்டதும் கால் நடுங்க ஆரம்பித்ததாம். ஷெட்டை விட்டு வெளியே எடுக்க முடியவில்லை. அடுத்த நாளும் முயன்றார், அதற்கடுத்த நாளும். டீச்சரின் நெற்றிதான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றதாம்.

"எலும்பு சேர்ந்துடுச்சு, கால் சேரல" என்றார். "கார் பாஸ் ஆகலைன்னா, காரைத்தானே குத்தம் சொல்லுவாங்க."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்லலாம்னுதான் அன்னிக்கு உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். நீ மாலை ஷிப்டை விட்டுட்டேன்னு சிரிச்சுக்கிட்டே வந்த. அப்படி நீ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு. வாய் வரல."

அவளுக்குக் கோபம் போகவில்லை. கோபத்தின் கூடவே வேறு ஏதோ ஒன்றும் வந்து சேர்ந்தது, அதுதான் இன்னும் அலுப்பாக இருந்தது. முந்தாநாளும் நேற்றும் தூங்கியிருக்க வேண்டிய ஆறு மணி நேரம் நினைவுக்கு வந்தது. நாலு மணிக்குக் காரை ஆபீஸில் காட்டுவது இனி இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லித் தொலைச்சிருந்தா நான் ரெண்டு தடவை தேய்ச்சிருக்க மாட்டேனே" என்றாள்.

எழுந்து திருப்புளியை எடுத்தாள். எட்டுத் திருகாணி, நாலு கிளிப். பம்பரைக் கழற்றி, நாற்காலிக்கு எதிரே இரண்டு பழைய மரப்பெட்டிகளை அடுக்கி அதன்மேல் வைத்தாள். உட்கார்ந்தவருக்குச் சரியாக நெஞ்சுயரம் வந்தது. முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் அவள் முதுகாவது பிழைத்திருக்கும். அவர் கையில் உப்புத்தாளைத் திணித்து, தண்ணீர் மக்கை அருகில் நகர்த்தினாள்.

"நீங்க கெடுத்த இடத்தை நீங்களே தேய்ங்க."

அவர் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். அவள் காரின் பின் கதவைத் திறந்து, சீட்டில் காலை மடக்கிப் படுத்தாள்.

"நாலு மணிக்கு எழுப்புங்க."

"எதுக்கு?"

"சூப்பர்வைசர் அப்போதான் போன் எடுப்பார். ரெண்டு ஷிப்டுக்கும் வரேன்னு சொல்லணும்."

உப்புத்தாள் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்க ஆரம்பித்தது. இருபது வருஷத்தில் அந்தப் பின் சீட்டில் அவள் படுத்தது அதுதான் முதல் தடவை. எத்தனையோ பேர் சொகுசாகப் போன சீட், நடுவில் ஒரு கம்பி முதுகைக் குத்தியது. குத்தட்டும் என்று தூங்கிப்போனாள்.

விழித்தபோது வெயில் ஷெட்டின் வாசலைத் தாண்டிப் போயிருந்தது. மணி ஐந்தரை. பதறி இறங்கினாள். அவர் அதே நாற்காலியில் இருந்தார், சட்டையெல்லாம் சாம்பல் கரைசல். பம்பர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மாதிரி மங்கலாக, சீராகத் தேய்ந்திருந்தது. கதவோரப் பட்டைகளையும், குனியாமல் எட்டுகிற வரைக்கும், தேய்த்து வைத்திருந்தார். அவள் மக்கில் இருந்த தண்ணீரை எடுத்து அந்த இடது மூலையில் ஊற்றிப் பார்த்தாள். உருண்டு ஓடாமல் பரவி நின்றது. வேலை தெரிந்த ஆள்தான், அதைச் செய்ய இத்தனை பாடு.

"நாலு மணிக்கு எழுப்பச் சொன்னேனே" என்றாள்.

"நானே பேசிட்டேன்."

முதலில் டாக்சி ஆபீஸுக்குப் பேசினாராம். பயமாக இருக்கிறது, இப்போதைக்கு ஓட்ட முடியாது என்று சொன்னாராம். எதிர்முனையில் இருந்தவன் என்ன சொல்வதென்று தெரியாமல், சரிங்கண்ணே என்று வைத்துவிட்டானாம். பிறகு சூப்பர்வைசருக்கு. மாலை ஷிப்டில் மடிக்கிற மேசைக்கு ஆள் கிடைத்துவிட்டதா என்று கேட்டாராம். இல்லை என்றாராம் அவர்.

"உட்கார்ந்து செய்யிற வேலைதானே, நான் வரேன்னேன். திங்கக்கிழமை வரச் சொன்னார்."

அவள் அவரையே பார்த்தாள். போர்வையை மடிக்கச் சொன்னால் சுருட்டி மூலையில் வைக்கிற மனுஷன்.

"உங்களுக்கு ஒரு கைக்குட்டைகூட மடிக்கத் தெரியாதே."

"அதை நான் சொல்லல" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து முகத்தை அவர் போட்டிருந்த ஈரச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள். பிரைமர் அடிக்க இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் அடிக்கவில்லை. திரும்பப் போய்ப் பின் சீட்டில் ஏறி, கம்பி குத்தாத பக்கமாகத் தள்ளிப் படுத்துக்கொண்டாள்.

"அரை மணி நேரம் கழிச்சு எழுப்புங்க" என்றாள்.

இந்தத் தடவை அவர் எதுக்கு என்று கேட்கவில்லை, எழுப்பவும் இல்லை.