ஸப்பாஸின் தலையும் நூறு மீட்டர் கிண்ணமும்

1

இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமே இருக்கவில்லை. 1993இல், லண்டனில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க விளையாட்டுவிழா மலரைத் தொகுத்த சபாரத்தினம் அண்ணை ஹரோவிலிருந்து தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"பழைய ஒலிம்பிக்கைத் திருப்பி நடத்தக் காசு குடுத்த கிரேக்கப் பணக்காரர் ஸப்பாஸ். அவரைப் பற்றி ஒரு கதை தாங்கோ பிள்ளை. வாசிக்கேக்கை எங்கட யேசுரட்ணத்தாரின்ர ஞாபகம் வரவேணும்."

யேசுரட்ணத்தார் டூட்டிங்கில் கடைகள் வைத்திருப்பவர். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு இந்த வருடம் தன் பெயரில் புதுக் கிண்ணம் தருகிறார்.

2

ஒரு மாலைப்பொழுதில் ஸப்பாஸ் சாளரத்தருகே நின்று

(வேண்டாம். சாளரத்தருகே நிற்காத செல்வந்தர் எந்தக் கதையில் இருக்கிறார்?)

ஸப்பாஸ் ருமேனியாவில் பொருள் சேர்த்தார். ஏதென்ஸில் போட்டிகள் நடத்தவும் மண்டபம் கட்டவும் கொடுத்தார். மண்டபம் எழும்புமுன் இறந்தார். பிற்பாடு அவருடைய தலையை மட்டும் கொண்டுவந்து அதன் சுவருக்குள் வைத்தார்கள்.*

* நான் புனையவில்லை. அவ்வளவு துணிச்சல் எனக்கில்லை.

"தலையை எடுத்துவிடுங்கோ," என்றார் அண்ணை.

"சுவரிலயிருந்தோ, கதையிலயிருந்தோ?"

"பகிடி விடாதேங்கோ. யேசுரட்ணத்தார் பயந்துபோடுவார்."

3

பிறகு கோலியர்ஸ் வுட்டிலிருந்து வசந்தமலர் அழைத்தாள். நூறு மீட்டருக்கு இதுவரை கொடுத்துவந்தது அவளுடைய தம்பி குகதாசனின் ஞாபகார்த்தக் கிண்ணம். பள்ளிக்கூடத்தில் அவனை ஓடி முந்தியவர் இல்லை. ஊரில் ஷெல் குண்டு விழுந்து செத்துப்போனான்.

"அக்கா, தம்பியின்ர பேரை எடுக்கினமாம். உங்கட கதைக்குக் கீழதான் புதுக் கிண்ணத்தின்ர படமாம். உண்மையோ?"

"ஓம் போலதான் கிடக்கு."

"அவன்ர உடம்பும் எங்களுக்குக் கிடைக்கேல்லை. வருசத்தில ஒருக்கா நாலு பேர் அவன்ர பேரைச் சொல்லுவினம். அதுவும் ஏலாதெண்டால், எழுதுங்கோ. வடிவா எழுதுங்கோ."

முதல் வரைவில் அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத்தான் வசதி; ஆறுதல் சொல்லிவிட்டு எழுதப் போயிருப்பேன்.

4

முடிவு அ: யேசுரட்ணத்தார் மனம் மாறி

(மாறமாட்டார். கெட்டவரல்ல. பிள்ளைகள் இல்லாதவர், தன் பெயரைச் சொல்ல ஆளிருக்காதென்று பயப்படுகிறார். வசந்தமலரின் பயமும் அதுதானே? இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு எரிச்சல்தான் கூடியது. யாரையாவது நிம்மதியாக வெறுக்க முடிந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கும்.)

முடிவு ஆ: கிண்ணத்தில் இருவர் பெயரும்.

("இடம் காணாது," என்கிறார் அண்ணை. கிண்ணம் என் இடுப்பளவு உயரம்.)

முடிவு இ: கதையைக் கொடுக்காமல் விடுகிறேன்.

(விட்டாலும் கிண்ணம் வரும்.)

5

ஓட்டம் முடிந்துவிட்டது. முதலாவதாக வந்தவள் குனிந்து மூச்சு வாங்குகிறாள். யேசுரட்ணத்தார் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கிண்ணத்தருகே நிற்கிறார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வசந்தமலர்.

எங்கள் வழக்கப்படி கிண்ணத்தின் பெயரைச் சொல்லித்தான் வென்றவளைக் கூப்பிட வேண்டும். மைக் என் கையில்; என்னால் ஏலாது. வாசிக்கிறவரே, இந்தாருங்கள் மைக். இருவரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.