உலகத்திலேயே ஒரே காப்பி

சேகர் வார நாட்களில் கம்பெனிகளின் கோப்புகளை மூன்று மூன்று காப்பியாகப் பத்திரப்படுத்திச் சம்பளம் வாங்குபவன். சனிக்கிழமை வந்தால் மட்டும் இரண்டாவது காப்பி என்ற பேச்சே அவனுக்கு ஆகாது. தலையில் தொப்பி, தோளில் பட்டை மாட்டிய கால்சட்டை, புலம்பெயர்ந்த தமிழர்கள் கூடும் பென்டில் ஹில் மளிகைக் கடை வாசலில் முக்காலி மேல் ஒரு மரப்பெட்டி. படம் பிடிப்பதும் அந்தப் பெட்டிக்குள்தான், இருட்டறையும் அதற்குள்தான்.

"ஃபிலிம் கிடையாது, மெமரி கார்டு கிடையாது. உலகத்துலயே ஒரே காப்பி" என்று வருகிறவர்களிடமெல்லாம் முழங்குவான். பக்கத்தில் அவன் மனைவி பத்மா தண்ணீர் வாளியோடு நிற்பாள். கலைஞனுக்கு வாளி தூக்க ஆள் வேண்டுமே.

அது பச்சைப் புளுகு என்று பத்மாவுக்குத் தெரியும். பெட்டியிலிருந்து முதலில் வருவது நெகட்டிவ் காகிதம். அதில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும். அதை அதே பெட்டியால் மறுபடி படம் பிடித்தால்தான் சரியான முகம் வரும். முகத்தை ஆளிடம் கொடுத்துவிட்டு சேகர் ஐயா நெகட்டிவை வீட்டுக்குக் கொண்டுபோவார். போனில் நிறத்தைத் திருப்பி, இன்ஸ்டாகிராமில் ஏற்றி, லைக்குக்காகக் காத்திருப்பார். ஹெலன்ஸ்பர்க் கோயிலில் எடுத்த நாகேஸ்வரி அன்ரியின் படம் அப்படித்தான் போனது. அன்ரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று வந்தவன் லதீஸ். ஊரிலிருந்து படகில் தப்பி வந்து, அகதியாகத் தற்காலிக விசாவில் அதே கடையில் அரிசி மூட்டை இறக்குபவன்.

"அண்ணை, இது நெட்டில போகாதுதானே? ஊரில ஆமிக்காரர் அம்மாவிட்ட வந்து என்னை விசாரிக்கிறாங்கள். நான் இங்க இருக்கிறன் எண்டு தெரிஞ்சா அவவுக்குத்தான் கரைச்சல். ஊருக்குப் போற ஆள் ஒருத்தரிட்ட அவவுக்குப் படத்தைக் குடுத்துவிடப் போறன்."

"போகவே போகாது தம்பி. ஒரே காப்பி" என்றான் சேகர், கொஞ்சமும் கூசாமல்.

பத்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளும் அவன் பீற்றலைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது நடுவில் ஒரு தாய் இருக்கிறாள்.

படம் முடிந்தது. இரண்டு காகிதமும் வாளித் தண்ணீரில் மிதந்தன. வேடிக்கை பார்க்க வந்த இருவரிடம் சேகர் பெருமையடிக்கப் போனான். போன வருஷம் ஆன்லைனில் வாங்கிய பெட்டிக்கு அன்றைக்கு அவன் வாயில் நூறு வயதாகியிருந்தது.

பத்மா இரண்டையும் துவாலையில் ஒற்றி லதீஸிடம் நீட்டினாள். "ரெண்டையும் எடுத்துக்குங்க தம்பி. இந்த நெகட்டிவ்ல இருக்கிற கறுப்பு மூஞ்சிய வெச்சு எத்தனை படம் வேணும்னாலும் எடுக்கலாம்."

லதீஸ் சேகரின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நெகட்டிவைச் சுக்குநூறாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "போயிட்டு வாறன் அக்கா."

சேகர் திரும்பி வந்து வாளியைத் துழாவினான். "நெகட்டிவ் எங்க?"

"அவர்கிட்ட குடுத்தேன். கிழிச்சுட்டார்."

"பைத்தியமா உனக்கு? எக்ஸிபிஷன்ல வைக்க வேண்டிய முகம்டி அது."

"ஒரே காப்பின்னு நீங்கதான சொன்னீங்க. இன்னைக்குத்தான் அது நிஜம்."

அடுத்ததாகச் சச்சிதானந்தன் அங்கிள் வந்து கதிரையில் உட்கார்ந்தார். பத்மா வாளியில் புதுத் தண்ணீர் ஊற்றினாள். சேகருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"அங்கிள், ரெண்டு காகிதம் வரும். ரெண்டையும் கேட்டு வாங்கிக்குங்க."