ஒன்பதுக்குக் கீழே நூறு

அத்தையின் மின்சாமான் கடையை இணையத்தில் ஏற்றும் வேலையை மாலைக் கணினி வகுப்பின் பயிற்சியாக எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை அத்தை சோதித்துப் பார்ப்பாள். சரிவராவிட்டால் வேலை வெளிக் கம்பெனிக்குப் போய்விடும். அவர்களிடம் பேசியும் வைத்திருந்தாள்.

முதலில் எல்லாச் சாமானுக்கும் ஒரே அட்டவணை போட்டேன். பல்புக்கு வாட், வயருக்கு நீளம், ஃபேனுக்கு இறக்கை என்று பத்திகள் பெருகின. பாதிக்கு மேல் காலி. வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். பகலில் மருந்துக்கடையில் வேலை செய்பவர்.

"எதுக்கு இவ்ளோ பத்தி? 'வாட்'னு விவரத்தோட பேருக்கு ஒண்ணு, 'ஒம்பது'னு மதிப்புக்கு ஒண்ணு போதும். என்ன சாமான் வந்தாலும் கீழ எழுதிட்டே போகலாம்."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாற்றினேன். மதிப்புப் பத்தியில் 'சிவப்பு', 'பித்தளை' எல்லாம் வரவேண்டுமே என்று அதை எண்ணாக இல்லாமல் எழுத்து வகையாக வைத்தேன். சறுக்கியது அங்கேதான்.

சனிக்கிழமை அத்தை கல்லாவை விட்டு எழாமலே கேட்டாள். "ஒம்பது வாட்டுக்குக் கீழ உள்ள பல்பக் காட்டு."

முதலில் வந்து நின்றது நூறு வாட். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் அறுபது சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"ஏண்டி, ஒம்பதவிட நூறு சின்னதா? உன்ன எப்படி கணக்குல பாஸ் பண்ணாங்க?"

"எழுத்தா வச்சா முதல் இலக்கத்தத்தான் பாக்கும் அத்தை. நூறுக்கு அது ஒண்ணு."

"வாங்க வர்றவங்ககிட்டயும் இதையே சொல்லுவியா? திங்கக்கிழமை கம்பெனிக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள பாரு."

அன்று முழுக்கக் கடை மூலையில் உட்கார்ந்து கவனித்தேன். வந்தவர்கள் வாட்டைச் சொல்லிக் கேட்டார்கள், நீளத்தைச் சொல்லிக் கேட்டார்கள். வயரின் உறை என்ன, ஃபேனின் பூச்சு என்ன என்பதைக் கையில் வாங்கிய பிறகே பார்த்தார்கள். ஆகவே தேடிக் கேட்கும் விவரத்துக்கு மட்டும் எண் வகையில் தனிப் பத்தி வைத்தேன். மற்றதையெல்லாம் ஒரே பத்தியில் மொத்தமாகப் போட்டேன். சில காலி இடங்கள் திரும்பி வந்தன. பொறுத்துக்கொண்டேன்.

திங்களன்று மூன்று, ஐந்து, ஏழு என்று ஒழுங்காக வந்தது. அத்தை விடவில்லை.

"இதுல மஞ்ச வெளிச்சம் மட்டும் காட்டு."

வெளிச்சத்தின் நிறம் அந்த மொத்தப் பத்திக்குள் கிடந்தது. சனிக்கிழமை யாரும் அதைக் கேட்கவில்லை.

"அதுக்கு இன்னும் பத்தி போடல அத்தை."

அத்தை போனை எடுத்தாள்.

"இன்னிக்கு வர வேண்டாம்ங்க. பல்ப மட்டும் ஏத்திப் பாத்துட்டுச் சொல்றேன்." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மஞ்ச நாளைக்கு வந்துடணும்."

வெளிச்சத்தின் நிறத்துக்குப் பத்தி போட்டுவிட்டேன். எழுத்து வகை. இதற்கு அதுதான் சரியா என்று மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.