மூன்றாவது கோட்டிங்

எங்கள் ஹவுஸ் ஓனர் ஆதிநாராயணன் சார், அறுபத்தெட்டு வயதில் தானே மொட்டை மாடியில் ஏறி வெள்ளை நிறத்தில் கூலிங் பெயிண்ட் அடித்தார். மறுநாளே வித்தியாசம் தெரிந்தது. மே மாத மத்தியானத்தில், மாடியில் நாங்கள் குடியிருக்கும் போர்ஷனில் மனிதர் உட்கார முடிந்தது. திண்டிவனத்தில் இதை வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

என் கணவர் ராம்கிக்குத்தான் பயம் வந்தது.

"ஓனர் வீட்ட ரெடி பண்றார்னா, வாடகைய ஏத்தி வேற ஆளுக்கு விட நம்மள காலி பண்ணச் சொல்லப் போறார்னு அர்த்தம். ஜில்லுனு இருக்குதுன்னு வாயத் தொறந்துடாத அம்பிகா."

எங்கள் பெண் கலைப்பிரியா பத்தாவது போகிறாள். பள்ளிக்கூடம் தெருமுனையிலேயே இருக்கிறது. இந்த வருடம் பார்த்து வீடு மாற வேண்டி வந்தால் அவள் படிப்பு என்ன ஆகும்? எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது.

"எப்படிம்மா இருக்குது?" என்று சார் வந்து கேட்டார்.

"எங்க சார், வேகுது" என்றேன், முந்தானையால் விசிறிக்கொண்டே.

பாவம், இரண்டாவது கோட்டிங் அடித்தார். அப்போதும் அதையே சொன்னேன். மூன்றாவதும் அடித்தார். வெயிலில் அவர் கழுத்துத் தோல் உரிந்திருந்ததைப் பார்த்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இந்தப் பாழும் வாய் அதே பொய்யைத்தான் சொன்னது.

"மத்தியானம் நானே வந்து உக்காந்து பார்த்துடறேன்" என்றார்.

ஒரு மணிக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தாவது நிமிடம் குறட்டை. சற்று நேரத்தில் கரன்ட் போனது. ஃபேன் நின்றது. குறட்டை நிற்கவில்லை.

மூன்றரைக்குக் கண் விழித்தவர், நின்றிருந்த ஃபேனைப் பார்த்தார். வேர்க்காத கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்லிட்டேன் சார். எங்கள காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கினு இருந்தேன்."

"யாரும்மா சொன்னது? போன பரீட்சைக்கு உம் பொண்ணு மாடிப்படியில உக்காந்து படிச்சுக்கினு இருந்துச்சு. ஏன்மான்னு கேட்டேன். உள்ள அனலா இருக்குதுன்னுச்சு. அதுக்குத்தான் அடிச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு படி இறங்கினார். பிறகு திரும்பினார்.

"கீழ எங்க வீட்டுல டிவி சத்தத்துல கண்ண மூட முடியல. நாளைக்கும் ஒரு மணிக்கு வர்றேன். நீங்க காலி பண்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடும்மா. தூங்குறதுக்கு நான் வேற வீடு பார்க்கணும்."