வரிசையில் நின்ற கத்தரிக்கோல்

ஹபீபுர் ரஹ்மானுக்கு வலது கட்டைவிரலில் நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தைச் செருகிப் பார்த்தாள் மனைவி குல்சும். பழம்தான் வாடியது; விரல் இன்னும் கொழுத்தது.

கச்சேரி ரோட்டுச் சந்தில் வீட்டுத் திண்ணையிலேயே அவருக்குத் தையல்கடை. ரம்ஜான் பெருநாளுக்கு இன்னும் ஒன்பதே நாள். முப்பத்தாறு சட்டைத் துணி வெட்டப்படாமல் மடிப்புக் கலையாமல் கிடந்தது. கட்டைவிரல் இல்லாமல் கத்தரிக்கோலைப் பிடிக்க இன்னும் எவனும் வழி கண்டுபிடிக்கவில்லை. "கீறி விடுங்க. எலும்புல இறங்கிடிச்சுன்னா விரலையே எடுத்துடுவாங்களாம்" என்றாள் குல்சும், ஆறுதலாக.

மந்தைவெளிப் பக்கத்துத் தர்மாஸ்பத்திரிக்கு ஆறு மணிக்கே போனார். தாழ்வாரத்தில் ஒரு மனுஷர் இல்லை. நாற்பது சீசாக்கள் வரிசையாக நின்றன. விளக்கெண்ணெய் சீசா, பன்னீர் சீசா, யோக்கியமாகக் கழுவிக் காயவைத்த பிராந்தி சீசா. மருந்து வாங்க அவரவர் சீசா கொண்டுவர வேண்டும் என்பது அங்கே சட்டம். சீசாவை நிறுத்திவிட்டு ஆள் வேலைக்குப் போகலாம் என்பது ஜனங்களாக ஏற்படுத்திக்கொண்ட சட்டம். இரண்டாவதுதான் உறுதியாக நடந்துகொண்டிருந்தது.

கடைசி சீசாவுக்குப் பின்னால் ரஹ்மான் நின்றார். பத்தரை மணிக்குக் கம்பவுண்டர் பாண்டுரங்கன் எதிரே வந்தார்.

"சீசா எங்கே?"

"சீசா எதுக்குங்க? விரலைக் கீறணும்."

"சீசா இல்லாம எப்படி வரிசையில நிக்கிறே?"

"நான் நிக்கிறேனே, தெரியலையா?"

"நீ நிக்கிறது தெரியுதுய்யா. உன் சீசா நிக்கலையே!"

ரஹ்மான் சாயபு பர்மா பஜாரிலேயே மூன்று ரூபாய்த் துணியை ஒன்றே காலுக்கு முடித்தவர். பாண்டுரங்கனிடம் எந்தப் பேரமும் படியவில்லை. பதினோரு மணிக்குக் கதவை மூடிவிட்டார்கள்.

மறுநாள் விடியுமுன் நோன்புக்காகச் சஹர் சாப்பிட்ட கையோடு ஒரு பன்னீர் சீசாவைக் கொண்டுபோய் ஏழாவதாக நிறுத்திவிட்டுத் தொழுகைக்குப் போனார். பத்து மணிக்குமேல் திரும்பி வந்தால் சீசாவில் கழுத்துவரை ரோஸ் நிறத்தில் மருந்து.

"இன்னாங்க இது?"

"இருமல் மிக்சர். ஜனங்க ரொம்ப நேரம் காக்குறாங்கன்னு மேலேர்ந்து கடுதாசி வந்துது. வர்றவங்கள்ல பத்துக்கு எட்டு இருமல். அதனால முதல்ல ஊத்திடு, அப்புறம் கேளுன்னு புது டாக்டர் ஐயா ஏற்பாடு. மூணு மணி நேரம் அரை மணியாச்சு!"

"எனக்கு இருமலே இல்லீங்களே!"

"வந்தா வெச்சுக்கோ."

"அப்போ என் விரலு?"

"சீசா நெறைஞ்சா முறை முடிஞ்சுது. புஸ்தகத்துல உன்னைப் பார்த்தாச்சுன்னு எழுதியாச்சு."

மாமியாரின் இருமலுக்கு மருந்து வாங்க வந்திருந்த சாந்தோம் மீன்காரி ஜெசிந்தா கூடையோடு சிரித்தாள். "இன்னா பாய், நோன்பும் அதுவுமா மிக்சர் குடிக்கப் போறியா? அதை எங்க மாமியாருக்குக் குடு. எத்தினி ஊத்துனாலும் அந்தம்மா அடங்கமாட்டேங்குது."

சீசாவை அவள் கூடையிலேயே வைத்துவிட்டு ரஹ்மான் வீடு திரும்பினார். அன்று முழுக்க விரல் தனியாக ஒரு ஆள் மாதிரி விண்விண்ணென்று பேசிக்கொண்டிருந்தது. சாயங்காலம் துணிக்கட்டைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார். ஊற்ற முடியாத சாமானை நிறுத்தினால் என்ன செய்வான்?

மூன்றாம் நாள் வரிசையில் ஐந்தாவதாகத் தையல்காரர் கத்தரிக்கோல் நின்றது. குடமும் புனலுமாக வந்த பாண்டுரங்கன் நான்கு சீசாவை நிரப்பிவிட்டு அதன் முன்னால் திகைத்து நின்றார்.

"யாருதுய்யா இது? இதுல எங்கே ஊத்துறது?"

கத்தரிக்கோலைத் தாண்டிப் போனால் வரிசை தப்பும். தாண்டாவிட்டால் வேலை நிற்கும். பின்னால் முப்பது பேர் கூச்சல் போட, புது டாக்டரே வெளியே வந்தார். கத்தரிக்கோலைக் குனிந்து பார்த்தார்.

"இதற்கு என்ன நோய்?"

"எனக்குத்தாங்க" என்று ரஹ்மான் விரலை நீட்டினார்.

"அடப்பாவி! இவ்வளவு முற்றும்வரை எங்கே போயிருந்தாய்?"

ரஹ்மானுக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலாலேயே பதில் சொல்லியிருப்பார். விரல் இடம் தரவில்லை.

கீறுவதற்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டருக்கோ அதற்குள் அடுத்த ஏற்பாடு உதித்துவிட்டது. "பாண்டுரங்கன்! இனிமேல் மருந்துக்குச் சீசா. காயம், கட்டி, கீறலுக்குக் கத்தரிக்கோல்!"

அடுத்த மூன்று நாள் கட்டோடு கழிந்தது. நாலாம் நாள் கட்டைவிரல் மடங்கியது. பெருநாளுக்கு இன்னும் மூன்றே நாள். தொழுதுவிட்டு வந்து துணியை விரித்து, கோடு போட்டு, கையை நீட்டினார். கத்தரிக்கோலைக் காணோம்.

"குல்சும்!"

"ஜெசிந்தா வாங்கிக்கினு போச்சுங்க. கால்ல மீன்முள்ளு ஏறிடிச்சாம், வரிசையில வெக்கணுமாம். பாவம், நொண்டிக்கினு வந்துது. நம்ம தெருவுல வேற யார்கிட்ட கீது?"

ஓடினார். தாழ்வாரத்தில் இப்போது மூன்று வரிசை. இரண்டாவதில் நாவிதர் கத்தரி, வேலி வெட்டும் கத்தரி, எதுவும் கிடைக்காதவன் வைத்த பாக்குவெட்டி. பதினோராவதாக அவருடையது. கை வைத்ததும் கூட்டம் பாய்ந்தது.

"யோவ்! வரிசையைக் கலைக்காதே!"

"என் கத்தரிங்க இது!"

"இங்கே அது ஜெசிந்தா" என்றார் பாண்டுரங்கன். "அந்தம்மா மீன் வித்துட்டு வரும். எடுத்தா அதோட முறை போயிடும்."

"பதிலுக்கு என் தொப்பியை வைக்கிறேன்."

"தொப்பி தலைவலி வரிசைய்யா. நேத்துதான் போட்டோம்."

ரஹ்மான் நேரே வீட்டுக்குப் போய், துணிக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். பதினோராவது இடத்தில் சம்மணமிட்டு, துணியை விரித்து, கத்தரிக்கோலை அது இருந்த இடத்திலேயே எடுத்து வெட்ட ஆரம்பித்தார். வரிசை கலையவில்லை. பாண்டுரங்கன் மேலும் கீழும் பார்த்தார். தடுக்க அவரிடம் சட்டம் இல்லை.

நாலாவது சட்டையில் கத்தரி பாதிக் காலரில் இருந்தபோது பின்னாலிருந்து ஒருவன் இடித்தான்.

"பாய், முன்னாடி நகருது பாரு. நகரு, நகரு!"

"இன்னாய்யா அவசரம்?" என்று ரஹ்மான் சீறினார். "தர்மாஸ்பத்திரின்னா கொஞ்சம் பொறுமை வேணாமா?"